துரைசானிக்கு இரண்டு டசின் கடதாசி முட்டை

முட்டையை வாயில் வைத்து ஊதினால் தவம் கெடுமா, கெடாதா? வெள்ளப்பாறைத் தோட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. சாமியார் மாதத்துக்கு ஒரு தடவைதான் அக்கரப்பத்தனையிலிருந்து மூன்று மைல் ஏறி வருவார். இனி அவர் வருவது உயிர்த்த ஞாயிறன்று. முட்டையோ அதற்கு முதல் நாளே வேண்டும்.

இசபெல் குசினியில் உட்கார்ந்து கையிலிருந்த முட்டையை முறைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முனையிலும் துளை போட்டாயிற்று. ஒரு துளையில் வாயை வைத்து ஊதினால் உள்ளே இருப்பது மறு துளை வழியாக வெளியே வந்துவிடும். மிஞ்சுகிற ஓட்டின் மேல் கலர்க் கடதாசி ஒட்டி, பூ வெட்டிப் பதித்து, தொங்கவிட நூலும் கட்ட வேண்டும். தோட்டத்துத் துரையைக் கட்டிக்கொண்டு சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கும் துரைசானி, உயிர்த்த ஞாயிறன்று ஒரு மரக்கிளையை வீட்டுக்குள் நட்டு அதில் இந்த முட்டைகளைத் தொங்கவிடப் போகிறாளாம். அது அவர்கள் ஊர் வழக்கமாம்.

சாம்பல் புதனிலிருந்து இசபெல் முட்டை, மீன், இறைச்சி மூன்றையும் விட்டிருந்தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை வந்தால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவாள். அவ்வளவு கட்டுப்பாடாக ஐந்து வாரத்துக்கு மேல் தள்ளிவிட்டு, இப்போது புனித வாரத்துத் திங்கட்கிழமை பச்சை முட்டையில் உதட்டை வைப்பதா?

"அந்தம்மாவுக்குத் தவக்காலம்னு ஒண்ணு கெடையாதா?" என்று அவள் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பில் யாரும் இல்லை.

விஷயம் வேறு யாருடையதாக இருந்தாலும் முட்டைக் கூடையைத் திருப்பி அனுப்பியிருப்பாள். ஆனால் முதல் நாள் குருத்தோலைச் செபம் முடிந்து வரும்போது பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு கஸ்பர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன சேதி அப்படி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சர் போடப் போகிறார்கள். யாரைப் போடுவது என்பது துரைசானி கையில் இருக்கிறது.

"முட்டை நல்லா வந்துச்சின்னா வேலை ஒங்களுக்குத்தான் தங்கச்சி," என்றார் கஸ்பர். "நானே ஒங்க பேரச் சொல்லி வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு, பங்களாப் பக்கம் வந்து நின்னுடாதீங்க. ஆளுக வந்து கேக்கறது துரைசானிக்குப் புடிக்காது. எதுனாலும் எங்கிட்ட சொல்லுங்க."

இசபெல் கன்னியர் மடத்தில் ஆறு வருஷம் தையல் படித்தவள். அவள் போட்ட பூவேலையை மறுபக்கம் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சுத் தெரியாது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த ஒன்பது வருஷமாக அந்தக் கையால் அவள் தைத்ததெல்லாம் புருஷனின் காற்சட்டைப் பொத்தான்கள்தான். தோட்டத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிற லியனார்டின் மனைவி என்பதால் எல்லாருக்கும் 'கம்பவுண்டர் சம்சாரம்'. யாராவது ஒரு நாள் 'டீச்சர்' என்று கூப்பிடமாட்டார்களா என்ற ஏக்கம் அவளுக்கு நிறையவே இருந்தது. அந்த ஏக்கத்தில்தான் அக்கரப்பத்தனைக் கடையில் இருந்த கலர்க் கடதாசி முழுவதையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

சாமியார் இல்லாத குறைக்கு உபதேசியார் செபமாலையிடம் கேட்டாள். கோயில் சாவி அவரிடம் இருந்ததால் வேத விளக்கமும் தன்னிடம் இருப்பதாக அவர் எண்ணம். கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். முட்டையை விழுங்கினால் முழுப் பாவம், நாக்கில் பட்டால் அரைப் பாவம், உதட்டில் பட்டால் கால் பாவம் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு டசினுக்கு ஆறு முழுப் பாவம் வருகிறது என்று இசபெல் மனக்கணக்குப் போட்டாள். ஆறு பாவத்தைச் சுமந்துகொண்டு உயிர்த்த ஞாயிறன்று பூசையில் எப்படி நன்மை அப்பம் வாங்குவது?

தவக்காலம் இல்லாத ஒரு வாய் வேண்டும். அவள் மீனம்மாவைக் கூப்பிட்டாள். டிஸ்பென்சரியைக் கூட்டித் துடைத்து, ஊசி கழுவி வைக்கிற மீனம்மா பக்கத்து லயத்தில் முதல் காம்பராவில் இருந்தாள். வந்தவள் கூடையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாரியாத்தா திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கும்மா. முட்டை ஓட்ட மிதிச்சாலே நாங்க தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஊதச் சொல்றீங்களே."

அந்த வருஷம், ஐம்பத்தைந்தில், புனித வாரமும் மாரியம்மன் திருவிழாவும் ஒன்றாக வந்து விழுந்திருந்தன. தோட்டத்தில் பாதிப் பேர் தவக்காலத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் காப்பில் இருந்தார்கள். அறுநூறு பேர் வாழ்கிற இடத்தில் ஒரு முட்டையை ஊத ஒரு வாய் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் லியனார்ட் வழி கண்டுபிடித்தான். அவன் சாதுவான மனுஷன். மனைவியின் கோபத்தைத் தவிர உலகத்தில் வேறெதற்கும் பயப்படமாட்டான். டிஸ்பென்சரியில் இருந்த பெரிய ஊசியை, மாட்டு ஊசி என்று சொல்வார்களே அத்தனை பெரியதை, துணியில் சுற்றி எடுத்து வந்தான். முட்டையில் குத்தினான், இழுத்தான், சட்டியில் பீச்சினான். முட்டை பஞ்சுபோல லேசாகிவிட்டது. இசபெல்லுக்குப் புருஷன்மேல் இத்தனை மதிப்பு கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இருபத்துநாலும் முடிந்தபோது ஒரு சட்டி நிறைய மஞ்சளும் வெள்ளையுமாக முட்டை நின்றது. அதை என்ன செய்வது? சாப்பிட ஆளில்லை. சாப்பாட்டுப் பொருளை வாய்க்காலில் கொட்ட இசபெல்லுக்கு மனசு வரவில்லை. அந்த நேரத்துக்குச் சரியாகக் கஸ்பர் வந்து சேர்ந்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தனக்கு நெஞ்சுச் சளி என்றும், சீக்காளிக்குத் தவக்காலம் இல்லை என்றும் சொல்லிச் சட்டியோடு எடுத்துக்கொண்டார். போகும்போது, ஒவ்வொரு முட்டையிலும் ஒவ்வொரு மாதிரிப் பூ வேண்டும் என்று துரைசானி சொன்னதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

"இருபத்துநாலு மாதிரிப் பூவா?" இசபெல்லுக்கு மூச்சு வாங்கியது. "அந்தம்மா அவங்க தோட்டத்துல எண்ணிப் பாக்கட்டும், இருபத்துநாலு மாதிரிப் பூ இருக்கான்னு."

லியனார்ட் ஊசியைப் பழையபடி டிஸ்பென்சரியில் கொண்டுபோய் வைத்தான். சுத்தம் சோறு போடும் என்பது அவன் கொள்கை. அதனால் பெரிய ஊசியை மற்ற ஊசிகளோடு ஒரே சட்டியில் போட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்தான். கொதிக்க வைப்பதற்கு முன் கழுவ வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு கலைந்த கையோடு கந்தப்பன் கங்காணி டிஸ்பென்சரிக்கு வந்தார். திருவிழாவில் கரகம் எடுப்பவர் அவர். வெள்ளிக்கிழமை தலையில் கரகம் ஏற்ற வேண்டும், புதன்கிழமையே இடுப்புப் பிடித்துக்கொண்டது. லியனார்ட் சின்ன ஊசியால் கையில் ஒன்று போட்டான். கங்காணி கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், மீனம்மா பெரிய ஊசியைக் கழுவ எடுத்தாள். உள்தண்டு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தண்டோடு சேர்ந்து, சுண்டுவிரல் நீளத்தில், வழவழவென்று அவித்த வெள்ளைக்கரு வந்து கங்காணியின் காலடியில் விழுந்தது.

கங்காணி காலை இழுத்துக்கொண்டார்.

"என்னாய்யா இது?" என்றார் கந்தப்பன்.

லியனார்டுக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னான். அந்த ஊசி வேறு, உங்களுக்குப் போட்ட ஊசி வேறு என்றும் சொன்னான். இரண்டும் ஒரே சட்டியில்தான் வெந்தன என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்லிவிட்டான்.

கந்தப்பன் கங்காணி எழுந்து நின்றார். இடுப்புப் பிடிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. "காப்புக் கட்டின கைக்கு முட்டை ஊசியா? வாயாலகூட இல்லாம ரத்தத்துக்குள்ளயே ஏத்திட்டியே பாவி."

அரைமணி நேரத்தில் மலை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காப்பு அவிழ்ந்த மாதிரிதான் என்றார்கள் சிலர். கரகத்தை யார் எடுப்பது என்று கேட்டார்கள் சிலர். கடைசியில் கோயில் கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கங்காணி மஞ்சள் தண்ணீரில் மூன்று முழுக்குப் போட்டுத் திரும்பக் காப்புக் கட்டிக்கொள்வார். தப்புச் செய்த வீடு அம்மனின் சப்பரத்துக்கு அலங்காரம் கொடுக்க வேண்டும். சப்பரத்துக்குக் கலர்க் கடதாசி தேடி அக்கரப்பத்தனைக்குப் போன ஆட்கள், கடையை ஒரு பொம்பிளை காலி செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். அந்தப் பொம்பிளை யார் என்பதும் இப்போது தெரிந்துபோயிற்று.

இசபெல் கடதாசிக் கட்டைத் தூக்கிக் கொடுத்தாள். சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள், எல்லாம் போய்விட்டது. குத்தியவன் லியனார்ட், கேட்டவள் துரைசானி, சாப்பிட்டவர் கஸ்பர், தண்டனை மட்டும் தனக்கா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று லியனார்டுக்கு வெறும் சோறும் ரசமும்தான் கிடைத்தன. தவக்காலம் என்பதால் அது தண்டனை என்பது அவனுக்கு விளங்கவில்லை.

பெரிய வியாழனன்று அவள் வீட்டிலிருந்த கடதாசியையெல்லாம் எடுத்துப் பரப்பினாள். பழைய கலண்டர் ஒன்று, பேப்பர் நாலைந்து, அவ்வளவுதான். அழுகை வந்தது. லியனார்ட் மெதுவாக வெளியே போய், ஸ்டோரில் தேயிலை அடைக்கிற பெட்டிகளின் உள்ளே விரிக்கும் ஈயத்தாள் கொஞ்சம் வாங்கி வந்தான். கூடவே டிஸ்பென்சரிச் சீசாக்களில் ஒட்டுகிற சிவப்புச் சீட்டும் ஒரு கட்டு. வெளியே பூச மட்டும், குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிற சீட்டு.

எழுத்து வெளியே தெரியாதபடி அவள் சிவப்பு இதழ்கள் வெட்டினாள். கோதுமை மாவுப் பசை காய்ச்சி, ஈயத்தாளைச் சுருக்கமில்லாமல் விரலால் நீவி நீவி ஒட்டினாள். ரோசாப்பூ, தும்பைப்பூ, தேயிலைப்பூ, பூசணிப்பூ என்று யோசித்து யோசித்துப் பதினெட்டு வரைக்கும் வந்தாள். மீதி ஆறும் இதுவரை உலகத்தில் பூக்காத பூக்கள். அன்று முழுக்க மழை. பசை காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி இருபத்துநாலு முட்டையையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். புகையும் வெக்கையும் பட்டு அவை மெல்ல மெல்லக் காய்ந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் சிலுவைப்பாதைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கையில் வாசலில் சத்தம் கேட்டது. கந்தப்பன் கங்காணி நின்றிருந்தார். ஊசி போட்ட கை வீங்கி, சட்டைக்குள் நுழையாமல் துண்டால் போர்த்தியிருந்தது. அவருக்குப் பின்னால் பூசாரி, பூசாரிக்குப் பின்னால் இருபது முப்பது பேர். மீனம்மாவும் அவர்களுக்குள் இருந்தாள்.

பூசாரி குசினிக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ரெண்டு பக்கமும் ஊசி குத்தி, உள்ள இருந்தத உறிஞ்சி எடுத்து, ஈயத்துல சுத்தி, செவப்பு வச்சு, அடுப்புக்கு மேல கட்டியிருக்கு," என்றார். "இது மலையாளத்து வேலை."

கூட்டம் 'ஆங்' என்றது. முட்டையில் ஊசி குத்தினார்கள், கங்காணிக்குக் கை வீங்கியது. இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்?

சூனியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, துரைசானி வீட்டுக்குள் மரம் நட்டுத் தொங்கவிடக் கேட்ட முட்டை என்று இசபெல் கத்தினாள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. வீட்டுக்குள் எவளாவது மரம் நடுவாளா என்று கேட்டது ஒரு குரல். துரைசானிக்கும் கங்காணிக்கும் என்ன பகை என்று கேட்டது இன்னொன்று. கந்தப்பன் யோசித்துப் பார்த்தார். போன வாரம்தான் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு கேட்டுப் பங்களா வாசலில் நின்றார். துரை முடியாது என்றபோது துரைசானி ஜன்னலில் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

முட்டைகளை ஆற்றில் கொண்டுபோய் உடைக்க வேண்டும் என்றார் பூசாரி. இரண்டு பேர் உள்ளே வரப் பார்த்தார்கள். இசபெல் பசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

"ஒரு முட்டையத் தொட்டுப் பாருங்க," என்றாள். "ஒம்பது வருசமா கம்பவுண்டர் சம்சாரம், கம்பவுண்டர் சம்சாரம். எனக்குன்னு ஒரு பேரு இருக்குன்னு ஒங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த முட்டை போய்ச் சேந்தாத்தான் எனக்குத் தையல் டீச்சர் வேலை. ஒங்க புள்ளைங்களுக்குத்தான் சொல்லிக் குடுக்கப் போறேன். ஒடைக்கிறதுன்னா மொதல்ல என் மண்டைய ஒடைங்க."

மீனம்மாதான் முன்னால் வந்தாள். அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். அடுத்த வருஷம் கொழுந்தெடுக்க அனுப்ப வேண்டிய வயது. ஊசி நூல் பழகினால் பிள்ளை அட்டைக்கடியிலிருந்து தப்பிக்கலாம் என்று அவள் அந்த நிமிஷத்தில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"ஒடைக்க வேணாம் பூசாரி," என்றாள். "சூனியக் கட்ட எடுத்து விட்டாப் போதாதா?"

பூசாரிக்கு அதுவும் தெரியும். மஞ்சளைக் குழைத்தார், குங்குமத்தைத் தொட்டார், ஒவ்வொரு முட்டையிலும் மூன்று பொட்டு வைத்தார். சூடத்தைக் கொளுத்தி எல்லாவற்றுக்கும் கீழே காட்டினார். இசபெல் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். அவள் நீவி நீவி ஒட்டிய ஈயத்தாள் சூடப் புகையில் கறுத்தது.

சரியாக அப்போதுதான், சிலுவைப்பாதைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கச் செபமாலை உபதேசியார் வந்தார். பெரிய வெள்ளிக்கிழமை, கத்தோலிக்க வீட்டுக் குசினியில், உயிர்த்த ஞாயிறு முட்டைகளுக்குப் பூசாரி தீபம் காட்டிக்கொண்டிருந்தார். உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். திரும்பி ஓடினார். ஒரு போத்தல் தீர்த்தத்தோடு ஓடி வந்தார். இசபெல் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடக் கும்பிட, ஒரு முட்டையும் விடாமல் தெளித்தார். மஞ்சள் கரைந்து ஓடியது. குங்குமம் அதன் பின்னால் ஓடியது.

எல்லாரும் போன பிறகு லியனார்ட் கயிற்றைப் பார்த்தான். கறுத்த வெள்ளியில் மஞ்சள் கோடுகள் இறங்கி, சிவப்புப் பொட்டுகள் கலங்கி, நடுவில் இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாக்க நல்லாத்தான் இருக்கு," என்றான்.

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். திருத்தலாம் என்றால் பெரிய வெள்ளியன்று கத்தரிக்கோலும் ஊசியும் தொடக்கூடாது. சனிக்கிழமை விடிந்ததும் கஸ்பர் வந்துவிட்டார்.

கஸ்பருக்கு முட்டைகளைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது. இது என்ன தங்கச்சி, தீயில விழுந்த மாதிரி இருக்கு என்றார். துரைசானியிடம் என்ன சொல்வேன் என்று தலையில் கை வைத்தார். பிறகு கொஞ்சம் தெளிந்து, எதை எதால் ஒட்டியது, ஈயத்தாள் எங்கிருந்து வந்தது, உள்ளே இருந்ததை எடுத்தது எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். துரைசானி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? இசபெல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

உயிர்த்த ஞாயிறன்று பூசைக்குக் கஸ்பர் வரவில்லை. பங்களாவில் விருந்து. இசபெல் நன்மை வாங்கினாள், மனசு மட்டும் மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பெரட்டில் செய்தி வந்துவிட்டது. கஸ்பர் கொண்டுபோன முட்டைகளைப் பார்த்ததும் துரைசானி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாளாம். பழைய காலத்து அரண்மனைச் சாமான் மாதிரி இருக்கிறது என்றாளாம். நுவரெலியாவிலிருந்து விருந்துக்கு வந்த துரைசானிமார் ஆளுக்கு ஒன்று கேட்டு அடம் பிடித்தார்களாம். அந்த இடத்திலேயே துரையைக் கூப்பிட்டு, இந்த முட்டை செய்த ஆளுக்கே தையல் டீச்சர் வேலையைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். துரையும் சரி என்றுவிட்டாராம்.

அன்று முழுக்க இசபெல்லின் வீட்டு வாசல் ஓயவில்லை. முதலில் வந்தவள் மீனம்மா. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "டீச்சரம்மா" என்று கூப்பிட்டாள். இசபெல் அவசரமாகக் குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்து வந்தவர்களைப் பார்த்தபோது அவளுக்குக் கண்ணீர் காய்ந்துவிட்டது. கந்தப்பன் கங்காணி வீக்கம் வடிந்த கையை ஆட்டிக்கொண்டு, எல்லாம் நம்ம ஆத்தா குங்குமத்தின் மகிமை என்றார். பூசாரியின் சூடப் புகை இல்லையென்றால் அந்த அரண்மனை நிறம் வந்திருக்காது என்றார் கூட வந்தவர். உபதேசியார் தீர்த்தத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்தார். அவர்கள் போவதற்குள், முதல் ஊசி குத்தியது யார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும் என லியனார்ட் தொண்டையைக் கனைத்தான்.

"ஒங்களுக்கெல்லாம் வெக்கமே இல்லையா?" என்றாள் இசபெல். "ஒரு வாரம் என் உசிர எடுத்தீங்க. இப்ப ஆளாளுக்குப் பங்கு கேட்டு வர்றீங்க. செஞ்சவ நான். அந்தத் துரைசானிக்குத் தெரிஞ்சது ஒங்களுக்குத் தெரியலையே."

துரைசானியைப் பற்றி அந்த வாரம் முழுக்கச் சொன்னதையெல்லாம் அவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். யாரென்றே தெரியாத ஒருத்தியின் கைவேலையை மதித்து வேலை கொடுக்கிறாள் என்றால் அவளும் ஒரு மனுஷிதான். தவக்காலம் தெரியாவிட்டால் என்ன, போகட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் துடைத்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். துரையின் கடிதம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது. பங்களாவுக்கும் ஒப்பீசுக்கும் கடிதம் கொண்டுபோகிற தப்பால்காரர் வீரய்யா எட்டு மணிக்குப் படியேறி வந்தார். இசபெல் எழுந்து நின்றாள். அவருக்கு நாற்காலி போட்டாள், பால் விட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். வீரய்யா நிதானமாகக் குடித்து முடித்தார். பையைத் திறக்கவில்லை. சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு கடதாசி மடிப்பை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு ஊசியும் ஒரு முழம் வெள்ளை நூலும் இருந்தன.

"கஸ்பர் அப்பு குடுத்துவுட்டாரும்மா," என்றார் வீரய்யா. "முட்டையெல்லாம் தானே செஞ்சதாத் துரைசானிகிட்ட சொல்லப்போயி, இப்ப அவரையே தையல் டீச்சராப் போட்டுட்டாங்க, ஒம்பது மணிக்குப் பள்ளிக்கூடத்துல நிக்கணும், அதனால இதுல கொஞ்சம் நூலக் கோத்துக் குடுப்பீங்களாம்."